அண்ணாச்சிக்கு ஒரு வாழ்த்துப் பத்திரம்

(திருநெல்வேலிச் சீமையில் ஒரு சேகரம். சபை கமிட்டியில் வெள்ளிவிழாக் காணும் மூப்பருக்குப் பொன்னாடை போர்த்தும்போது வாசிப்பதற்காக எழுதியது. பெயர் போடவில்லை. கேட்கிற ஒவ்வொரு ஊர்க்காரருக்கும் அது தங்கள் ஊர் அண்ணாச்சிதான் என்று தோன்றினால் மகிழ்ச்சி.)

அன்புமிக்க அண்ணாச்சி அவர்களுக்கு ஸ்தோத்திரம்.

உங்களைப் பற்றி நாலு வார்த்தை எழுதித் தரும்படி ஐயரவாள் சொன்னார்கள். நாலு வார்த்தைக்குள் அடங்குகிற ஆளா நீங்கள்? கடவுளிடம் முழு இருதயத்தோடு அன்புகூர வேண்டும் என்று மோசே சொன்னதையும், அதுவே பிரதான கற்பனை என்று இயேசு சுவாமி சொன்னதையும் நாங்கள் ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடம் செய்து பென்சில் பரிசு வாங்கினதோடு சரி. அதைச் சேதாரம் இல்லாமல் செய்வது எப்படி என்று 25 ஆண்டுகளாக எங்கள் கண்முன்னே வாழ்ந்து காட்டியவர் நீங்கள்.

ஞாயிறு காலை எட்டரைக்கு இரண்டாம் மணி அடிக்கும். மணிச் சத்தத்துக்கு ஓடி வருகிறவர்கள் நாங்கள். நீங்களோ சாவகாசமாகக் காரை வேப்பமர நிழலில் நிறுத்திவிட்டு, இரண்டாம் பாடம் வாசிக்கிற நேரத்துக்கு நடுவாசல் வழியாக வருவீர்கள். பாவ அறிக்கை அதற்குள் முடிந்திருக்கும். அது தேவைப்படுகிறவர்களுக்கு இருக்கட்டும் என்கிற பெருந்தன்மையை நாங்கள் கவனிக்காமல் இல்லை. வந்தபிறகு உங்கள் ஆராதனையைக் குறைசொல்ல ஒருவராலும் முடியாது. கீர்த்தனையில் சரணம் வந்தால் கண்ணை மூடிக்கொள்வீர்கள். பிரசங்கத்திலும் அது மூடியபடியே இருக்கும். இடையில் போன் அடித்தால், "கோயில்ல இருக்கேன், சொல்லுங்க" என்று பின்வரிசை வரைக்கும் கேட்கிற மாதிரி பேசி, அந்தப் பக்கம் இருக்கிறவருக்கும் சாட்சியாக நிற்பீர்கள்.

அறுப்பின் பண்டிகைக்கு உங்களைப் பார்ப்பதற்கென்றே பக்கத்து ஊர்களிலிருந்து ஆள் வருகிறது. காணிக்கையாக வந்த வாழைத்தார், பூசணி, சேவல், முட்டை எல்லாம் பந்தலில் அடுக்கியிருக்க, உபதேசியார் மைக்கைப் பிடித்து ஏலத்தைத் தொடங்குவார். ஒரு வருஷம் மேலத்தெரு ஆச்சி தன் வீட்டுக் கொல்லையில் நிற்கிற ஒரே மரத்திலிருந்து ஒரு கட்டு முருங்கைக்காய் கொண்டுவந்து வைத்திருந்தாள். நூறில் ஆரம்பித்தது. கான்டிராக்டர் ஐந்நூறு என்றார். நீங்கள் ஆயிரம் என்றீர்கள். அவர் இரண்டாயிரம் என்றதும் நீங்கள் வேட்டியை மடித்துக்கட்டியபடி எழுந்து நின்றதை மறக்க முடியுமா? ஐயாயிரத்துக்கு ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்! சபையே கைதட்டியது. ஆச்சியும் தட்டினாள். அவள் கொண்டுவந்த காய் என்பது அவளுக்கே மறந்துபோயிருக்கும்.

தாவீது ராஜாவுக்கு இந்தச் சாமர்த்தியம் வாய்க்கவில்லை. அர்வனாவின் களத்தில் பலிபீடம் கட்டப் போனபோது, களத்தையும் மாடுகளையும் சும்மா தருகிறேன் என்றுதான் அந்த எபூசியன் சொன்னான். எனக்குச் செலவில்லாத பலி கர்த்தருக்கு எதற்கு என்று கேட்டு, 50 சேக்கல் வெள்ளியை அந்த இடத்திலேயே நிறுத்துக் கொடுத்தார் தாவீது. ரொக்கத்தைக் கொடுத்ததற்கு அவருக்குக் கிடைத்தது களமும் மாடும்தான். உங்களுக்கோ கைதட்டல், மைக்கில் பெயர், சேகரப் பத்திரிகையில் போட்டோ எல்லாம் கிடைத்தன, முருங்கைக்காய் உட்பட. அந்த ஐயாயிரம் இன்னும் வந்து சேரவில்லை. விசுவாசம் என்பது கண்ணால் காணாததை நம்புவது. நம்ம பொருளாளர் அந்தப் பணத்தை வருஷக்கணக்காக விசுவாசித்துக்கொண்டிருக்கிறார். கணக்குப் புத்தகம் வழியாகக்கூட ஒரு மனுஷனை விசுவாசத்தில் வளர்க்க முடியும் என்று வேறு யாருக்குத் தோன்றும்?

காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட விதவையைப் பற்றி வருஷத்துக்கு ஒரு பிரசங்கமாவது கேட்டுவிடுகிறோம். சாப்பாட்டுக்கு வைத்திருந்ததை மிச்சமில்லாமல் போட்டுவிட்டாளாம். திட்டமிடத் தெரியாத குடும்பம். பரிசேயர் இன்னொரு விதம். அவர்கள் ஒற்தலாமிலும் வெந்தயத்திலும் சீரகத்திலும்கூட பத்தில் ஒன்றை எடுத்துவைத்தார்கள். நியாயத்தையும் இரக்கத்தையும் விட்டுவிட்டார்களே என்று ஆண்டவர் அவர்களைக் கண்டித்தார். அந்தக் கண்டனத்திலிருந்து நீங்கள் பாடம் படித்த விதம் தனி. நீங்கள் சீரகத்தையும் விட்டுவிட்டீர்கள்.

ஆனாலும் கமிட்டித் தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் உங்கள் உதாரத்துவத்துக்கு அளவே கிடையாது. பாக்கி வைத்தவருக்கு ஓட்டில்லை என்ற விதி இருப்பதால், உங்கள் சந்தா பாக்கியை மட்டுமல்ல, கீழத்தெருவில் முப்பது வீட்டுப் பாக்கியையும் ஒரே நாளில் கட்டினீர்கள். ஒருவர் பாரத்தை ஒருவர் சுமப்பது என்றால் இதுதான். தோற்றவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள், நீங்களும் போனீர்கள். சகோதரனோடு சகோதரன் அவிசுவாசிகள் முன்னால் வழக்காடுவதா என்று பவுல் கொரிந்து சபைக்கு மனம் நொந்து எழுதியதை நீங்கள் அறியாதவர் அல்ல. சபை நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்ள ஓய்வுபெற்ற நீதிபதிகளை நீதிமன்றங்கள் நியமிக்கும் காலம் இது. வேறு எந்த வழியில் அத்தனை நீதிபதிகளை நாம் கோயில் காம்பவுண்டுக்குள் வரவழைத்திருக்க முடியும்?

வாட்ச் நைட் ஆராதனைக்கு வருவோம். டிசம்பர் 31 இரவு எல்லாருக்கும் கிடைக்கிற வாக்குத்தத்த அட்டை உங்கள் உபயம். முன்பக்கம் வசனம், பின்பக்கம் உங்கள் கடை. வசனம் தேர்ந்தெடுப்பதில் உங்களுக்கு இருக்கிற வேதஞானத்தை நான் தனியாகச் சொல்ல வேண்டும். நம்மை வாலாக்காமல் தலையாக்குவேன் என்கிற வாக்கு, எத்தனை வருஷம் போட்டாலும் சபைக்குச் சலிக்கவில்லை. அது உபாகமம் 28-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அந்த அதிகாரத்தில் மொத்தம் 68 வசனம். முதல் 14 ஆசீர்வாதம், அதுவும் கற்பனைகளுக்குக் கீழ்ப்படிந்தால் என்ற நிபந்தனையோடு. மீதி 54 வசனமும் கீழ்ப்படியாவிட்டால் வரும் சாபங்கள். அவ்வளவையும் அட்டையில் போட்டால் கடை விலாசத்துக்கு இடம் இராது என்பதை யோசித்துத்தான் நீங்கள் நிபந்தனையையும் சேர்த்து நீக்கினீர்கள். நன்மைக்கான நினைவுகளை நம்மேல் வைத்திருக்கிறார் என்று எரேமியா எழுதியதும் அப்படித்தான். பாபிலோனில் 70 வருஷம் சிறையிருப்பில் கிடக்க வேண்டியவர்களுக்கு அனுப்பிய கடிதம் அது. அந்த 70 வருஷம் அதற்கு முந்தின வசனத்திலேயே இருக்கிறது. புதுவருஷமும் அதுவுமாக அதை ஏன் ஞாபகப்படுத்த வேண்டும்?

உங்கள் இளைய மகன் தம்பியின் கல்யாணத்தை நான் சொல்லாவிட்டால் இந்தப் பத்திரம் நிறையாது. "எங்களுக்குக் காசு பணம் முக்கியமில்லை, ரட்சிக்கப்பட்ட பிள்ளையா இருந்தா போதும்" என்றுதான் நீங்கள் எல்லாரிடமும் சொன்னீர்கள். மறுபடியும் பிறந்தவளாக இருக்க வேண்டும், அதுவும் நம்ம சாதியிலேயே மறுபடியும் பிறந்தவளாக இருக்க வேண்டும். மனுஷன் இரண்டாந்தரம் பிறப்பது எப்படி என்று ராத்திரியில் வந்து கேட்ட நிக்கொதேமுவுக்கு இவ்வளவு தெளிவு இருந்திருந்தால் அவர் தூங்கப் போயிருப்பார். பெண் வீட்டாரிடமும் நீங்கள் வாய்திறந்து ஒன்றும் கேட்கவில்லை. "உங்க பிள்ளைக்கு நீங்க செய்யறதைச் செய்யுங்க" என்றீர்கள், மூத்த மருமகள் வீட்டார் செய்ததை வெறும் தகவலாக மட்டும் தெரிவித்தீர்கள். சம்பந்தி தென்னந்தோப்பை விற்றார். ஆதித் திருச்சபையில் பர்னபா என்கிற லேவியன் தன் நிலத்தை விற்று, பணத்தைக் கொண்டுவந்து அப்போஸ்தலர் பாதத்தில் வைத்தான் என்று வாசிக்கிறோம். நிலத்தை விற்றுப் பாதத்தில் வைக்கிற அந்த வழக்கம் நம்மூரில் அழிந்துவிடவில்லை. பாதம் மட்டும் உங்களுடையது. அனனியாவும் சப்பீராளும் விற்றதில் ஒரு பங்கை ஒளித்துவைத்துச் செத்து விழுந்தார்கள். உங்களுக்கு அந்த ஆபத்தே வராது. நீங்கள் ஒரு சென்ட் நிலமும் விற்றவர் இல்லை.

சாதியை விடாததற்காக உங்களை யாராவது குறைசொன்னால் நீங்கள் கலங்க வேண்டாம். உங்களுக்குப் பின்னால் பெரிய பாரம்பரியம் நிற்கிறது. 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு அடியோடு ஒழிய வேண்டும் என்று தென்னாட்டுச் சபைகளுக்குக் கடிதம் அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் எத்தனையோ பேர் கோயிலை விட்டு வெளியே போனார்களே தவிர சாதியை விடவில்லை. நம்ம பக்கத்து வடக்கன்குளத்திலோ ரோமன் கத்தோலிக்கர் ஒரு கோயிலையே கால்சட்டை வடிவத்தில் கட்டினார்கள். இந்தச் சாதிக்கு ஒரு கால், அந்தச் சாதிக்கு ஒரு கால், பீடம் மட்டும் பொது. 1910-இல் பங்குச் சாமியார் நடுச்சுவரை இடித்ததற்கு உயர்நீதிமன்றம் வரை வழக்கு நடந்தது. ஒன்றை முழு இருதயத்தோடு பற்றிக்கொள்வது என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல சரித்திர உதாரணம் எனக்குத் தெரியாது. அவர்கள் பற்றிக்கொண்டது எதை என்பது வேறு விஷயம். 1752-இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக்கொல்லப்பட்ட தேவசகாயத்துக்கு 2022-இல் புனிதர் பட்டம் கொடுத்தபோது, பெயருக்குப் பின்னால் இருந்த சாதிப் பட்டத்தை வாட்டிகன் எடுத்துவிட்டது. "அது ஆர்.சி. காரியம்லா" என்று நீங்கள் சொன்னதும் எங்களுக்கு நிம்மதியாகிவிட்டது.

வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியாவையும் இங்கே நினைக்கிறேன். 1903-இல் திருநெல்வேலிக்காரர்கள் தங்கள் சொந்தக் காசைப் போட்டு, தங்கள் ஆட்களையே அனுப்ப ஒரு மிஷனெரி சங்கம் தொடங்கினார்கள். அதற்கு முன்நின்ற அவர், பிறரை அனுப்பிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. வாலிபர் சங்கத்தில் இருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு, 1909-இல் தெலுங்கு பேசுகிற டோர்ணக்கல்லுக்குத் தாமே போனார். ரயில் ஏறி இத்தனை தூரம் போனவர், ஊருக்கு ஒரு பாட்டில் யோர்தான் தண்ணீர்கூடக் கொண்டுவரவில்லை. நீங்கள் எருசலேம் டூர் போய்வந்து வீட்டுக்கு வீடு கொடுத்தீர்கள்.

ஆலயக் கோபுரத்துக்குப் பெயின்ட் அடிக்க நீங்கள் கொடுத்ததும், அதே வருஷம் உங்கள் வீட்டில் மூன்றாவது மாடி எழும்பியதும் சிலருக்குக் கண்ணை உறுத்தியது. அவர்கள் ராஜாக்கள் புத்தகத்தை வாசிக்காதவர்கள். சாலொமோன் ஆலயத்தைக் கட்டி முடிக்க 7 வருஷமும், தன் அரண்மனையைக் கட்டி முடிக்க 13 வருஷமும் எடுத்துக்கொண்டார். பிரதிஷ்டைக்கு 22,000 மாடுகளையும் 1,20,000 ஆடுகளையும் பலியிட்டவர் அவர். அவருடைய இருதயம் கர்த்தரிடத்தில் முழுமையாக இருக்கவில்லை என்று பிற்பாடு அதே புத்தகம் எழுதுகிறது. அது 11-ஆம் அதிகாரம். பிரதிஷ்டைப் பண்டிகையில் அந்த அதிகாரத்தை யாரும் வாசிப்பதில்லை.

உங்கள் லெந்து விரதத்தைப் பார்த்து ஊரே ஆச்சரியப்படுகிறது. நாற்பது நாளும் கவிச்சி கிடையாது, ஷேவிங் கிடையாது. பெரிய வெள்ளிக்கிழமை மும்மணி ஆராதனையில் நீங்கள் அழுதால் முன்வரிசையே அழும். சிலுவையில் அந்தப் பாதங்கள் எவ்வளவு நொந்திருக்கும் என்று ஐயரவாள் சொன்ன இடத்தில் நீங்கள் கைக்குட்டையை எடுத்தீர்கள். நான் உங்களுக்கு நேர்பின்னால் உட்கார்ந்திருந்தேன். உங்கள் ஜவுளிக்கடையில் காலை ஒன்பதரையிலிருந்து இரவு ஒன்பதரை வரைக்கும் நிற்கிற பிள்ளைகளின் பாதம் அந்த நேரத்தில் உங்களுக்கு ஞாபகம் வந்து துக்கத்தைக் கெடுத்துவிடக் கூடாதே என்று எனக்குக் கவலையாக இருந்தது. வரவில்லை, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். கடைகளில் வேலைசெய்கிறவர்கள் உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்ததும் நீங்கள் உடனே ஸ்டூல் வாங்கிப் போட்டீர்கள். சட்டத்துக்குக் கீழ்ப்படிகிற கிறிஸ்தவன் என்று இன்ஸ்பெக்டரே பாராட்டினார். அந்த ஸ்டூல்களில் இப்போது சேலைக்கட்டுகள் உட்கார்ந்திருக்கின்றன. உபவாச நாளிலும் வேலைக்காரர்களை வாட்டி வேலை வாங்குகிறீர்களே, இதுவா எனக்குப் பிரியமான உபவாசம் என்று ஏசாயா 58-இல் கர்த்தர் கேட்பது, ஜவுளிக்கடையே இல்லாத ஒரு காலத்துக்குச் சொன்னது என்று நீங்கள் எடுத்துக்கொண்டிருப்பீர்கள். எந்த வசனம் யாருக்குச் சொன்னது என்று பிரிக்கத் தெரிந்தவனுக்கு வேதம் ஒரு தொந்தரவும் தராது.

இந்த வசனங்களைப் பார்த்துக்கொண்டு வருகையில் பழைய ஏற்பாட்டின் கடைசிப் புத்தகத்தில் எனக்கு ஒரு இடம் தட்டுப்பட்டது. குருடும் நொண்டியும் நோய் பிடித்ததுமான ஆடுகளைப் பலிபீடத்துக்குக் கொண்டுவந்த ஜனங்களைப் பார்த்து மல்கியா ஒரு கேள்வி கேட்கிறார். இதைக் கொண்டுபோய் உங்கள் அதிபதிக்குக் கொடுத்துப் பாருங்கள், அவர் உங்கள்மேல் பிரியமாக இருப்பாரா என்று. இரண்டாயிரத்துச் சொச்சம் வருஷமாக இதற்கு யாரும் நேராகப் பதில் சொன்னதாகத் தெரியவில்லை. நீங்கள் சொன்னீர்கள், வாயால் அல்ல, செய்கையால். சபைப் பள்ளிக்கூடத்து ஆண்டுவிழாவுக்குக் கலெக்டர் வந்த அன்று நீங்கள் இரண்டு மணி நேரம் முன்னதாகவே வாசலில் நின்றீர்கள். போனை அணைத்துத் தம்பி கையில் கொடுத்துவிட்டீர்கள். கலெக்டர் பேசிய முப்பது நிமிஷமும் உங்கள் கண் மூடவே இல்லை. மாலை, பழத்தட்டு, நினைவுப்பரிசு எல்லாவற்றுக்கும் அன்றைக்கே ரொக்கம் கொடுத்தீர்கள், ஒரு ரூபாய் பாக்கி இல்லை. முழு இருதயம், முழு பலம் என்றால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் நாங்கள் கண்ணால் கண்டோம். உங்களிடம் அது இல்லை என்று இனி ஒருவனும் சொல்ல முடியாது. இருக்கிறது, நிறையவே இருக்கிறது.

அதை எங்கே வைக்க வேண்டும் என்பதில்தான் உங்கள் விவேகம். கலெக்டர் மாறுதலாகிப் போய்விடுவார், அடுத்து வருகிறவர் எப்படிப்பட்டவரோ. ஆண்டவரோ மாறாதவர், நீடிய சாந்தமுள்ளவர், எத்தனை ஞாயிறு காக்க வைத்தாலும் காத்திருப்பார் என்று உங்களுக்கு உறுதியாகத் தெரியும். கடவுளின் பொறுமையை இத்தனை பூரணமாக நம்புகிற இன்னொருவரை நான் பார்த்ததில்லை.

இப்படிக்கு,
உங்களைப் பார்த்துப் பார்த்து அப்படியே பழகிவரும் சபையார்.

பி.கு.: இந்தப் பத்திரத்தை வாசிக்கச் சற்று நேரம் பிடிக்கும் என்பதால், அன்றைய பிரசங்கத்தை ஐந்து நிமிஷத்தில் முடித்துக்கொள்ள ஐயரவாள் சம்மதித்திருக்கிறார்கள். அசனம் 12 மணிக்கு. கலெக்டரும் வருகிறார்கள், ஆகவே எல்லாரும் தயவுசெய்து எட்டரைக்கே வந்து உட்கார்ந்துவிடுங்கள்.